ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் நம்மைப் பின்தொடர்வதை நிறுத்த: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் ஒரு வீட்டில் வைரத்தோடு விலை பார்க்க நகைக்கடைத் தளம் ஒன்றை ஐந்து நிமிடம் திறந்து மூடுகிறார்கள். சாயங்காலம் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அதே தோடு வந்து நிற்கிறது. "போன் நாம பேசுறதக் கேக்குது" என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. மைக் அனுமதியை எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மறுநாளும் தோடு வருகிறது.

மைக் இதற்குத் தேவையே இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்துவது மெட்டா நிறுவனம். அந்த நகைக்கடைத் தளத்துக்குள் மெட்டா தரும் 'பிக்சல்' என்ற சிறு நிரல் இருக்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தோம், எந்தப் பொருளைக் கூடையில் போட்டோம் என்று அங்கிருந்தே மெட்டாவுக்குச் செய்தி போகிறது. சில கடைகள் பிரவுசரைக்கூட நம்புவதில்லை. தங்கள் சர்வரிலிருந்து மெட்டாவின் சர்வருக்கு நேராக அனுப்பிவிடுகின்றன. நம் போனில் எதைத் தடுத்தாலும் இந்த இரண்டாவது வழி நிற்காது.

அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் கணக்கு, அடுத்து போன், அதற்கடுத்து பிரவுசர். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அல்லது ஆப்பை நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆப் போனாலும் கணக்கு இருக்கிறது. வருகிற தகவல் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு போனுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சார்ஜரும், ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் நிறுத்தினால் எது முடிந்தது, எது பாக்கி என்பது மறந்துவிடும்.

ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்று முதலில் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பாதி வேலை தடைபடுவது இங்கேதான். ஆச்சி வைத்திருக்கும் ஃபேஸ்புக் கணக்கைத் தொடங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் மகன், கணக்கில் இருப்பது அவர் எண். அல்லது எப்போதோ கடையில் வாங்கி இப்போது செயலில் இல்லாத ஒரு பழைய சிம். முதல் வகை என்றால் மகன் கையில் போன் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு ஒன்பதுக்கு இங்கே உட்கார்ந்தால் அங்கே பதினொன்றரை, ஆள் தூங்கியிருப்பார்.

இரண்டாவது வகை என்றால், இன்னும் லாகின் ஆகியிருக்கும் அதே போனிலிருந்து இப்போதே எண்ணை மாற்றுங்கள். மற்ற படிகளில் ஏதாவது ஒன்று மறுபடி லாகின் கேட்டுவிட்டால் அப்புறம் உள்ளே போக வழி இருக்காது.

பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் அதையும் இப்போதே மாற்றி நோட்டில் எழுதுங்கள். பிறகு ஆப்களை அப்டேட் செய்யுங்கள். இந்த நிறுவனங்கள் மெனுவை அடிக்கடி இடம் மாற்றும். கீழே சொல்லும் பெயர்கள் ஆங்கில மெனுவில் உள்ளவை. சொன்ன இடத்தில் காணவில்லை என்றால், செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தப் பெயரை அடித்தால் கிடைக்கும்.

2. முதலில் பாருங்கள், அழிக்க வேண்டாம்

ஃபேஸ்புக்கில் செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி, செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ், யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ். இந்த வரிசையில் போங்கள். 'ரீசன்ட் ஆக்டிவிட்டி' என்பதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும்.

பஸ் டிக்கெட் ஆப், மருந்து விற்கும் தளம், வரன் பார்க்கும் தளம், கடன் தரும் ஆப், பிள்ளைகளின் பாட ஆப் என்று ஒவ்வொன்றாக நிற்கும். பக்கத்திலேயே எத்தனை முறை தகவல் வந்தது என்ற எண்ணிக்கையும் தேதியும் இருக்கும். நம் கையால் ஒருமுறைகூட ஃபேஸ்புக்கோடு இணைக்காத ஆப்களும் அதில் இருக்கும். இதுகூட முழுப் பட்டியல் இல்லை. இங்கே காட்டுவதைவிடக் கூடுதலான விவரம் தன்னிடம் வருவதாக மெட்டாவே சொல்கிறது.

உடனே அழிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எந்த ஆப் மெட்டாவுக்கு அதிகம் தகவல் அனுப்புகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கும் நேரடிச் சாட்சி இந்தப் பட்டியல். முதல் பத்துப் பெயரை நோட்டில் எழுதுங்கள். பயன்படுத்தாத ஆப் அதில் இருந்தால் போனிலிருந்தே நீக்கலாம். ஆறாவது படியில் அனுமதிகளைத் திருத்தும்போதும் இந்தப் பத்துதான் முதலில் வர வேண்டும்.

3. 'ஃபேஸ்புக் மூலம் லாகின்' போட்டவற்றைப் பிரித்தெடுங்கள்

அடுத்த படியில் இணைப்பைத் துண்டிக்கும்போது ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழையும் ஆப்களுக்குள் அப்படி நுழைய முடியாமல் போகும். இதைச் செய்யாமல் நேரே நான்குக்குப் போனவர்கள், டிக்கெட் போட்ட ஆப்புக்குள் நுழைய முடியாமல் ரயில் ஏறும் நாளில் தவிக்கிறார்கள்.

செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற இடத்தில் அந்தப் பட்டியல் உண்டு. ஒவ்வொன்றிலும் போய் ஈமெயிலும் தனிப் பாஸ்வேர்டும் கொடுத்து, வெளியே வந்து, புதிய முறையில் மறுபடி நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பிறகுதான் ஃபேஸ்புக் பட்டியலில் அதை நீக்க வேண்டும். விளையாட்டுகளில் சேர்த்த புள்ளிகள் போய்விடலாம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய சண்டை வரும்.

4. துண்டிப்பு: வருவதை முதலில், வந்ததைப் பிறகு

இரண்டாம் படியில் பார்த்த அதே பக்கத்தில் 'மேனேஜ் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி' போய் 'டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி' கொடுங்கள். அதன் பிறகு 'கிளியர் ப்ரீவியஸ் ஆக்டிவிட்டி'.

பலரும் கிளியர் மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பட்டியல் காலியாகத் தெரிகிறது, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். குழாயை மூடாமல் தொட்டியை இறைத்தால் என்ன ஆகுமோ அதுதான். துண்டிப்பு முழுதாக நடைமுறைக்கு வர 48 மணி நேரம்வரை ஆகலாம். அதனால் அன்று இரவே தோடு விளம்பரம் வந்தால் பதற வேண்டாம்.

இந்தப் படி செய்வது என்ன, செய்யாதது என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். கடைகள் அனுப்புவது நிற்காது, மெட்டா பெறுவதும் நிற்காது. வருவதை உங்கள் பெயருள்ள கணக்கோடு சேர்க்க மாட்டோம் என்பதுதான் ஏற்பாடு. சர்வர் வழியாக வரும் தகவலுக்கும் இது பொருந்தும் என்பதால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அக்கவுண்ட்ஸ் சென்டரின் முகப்பில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதைத் தொட்டு, உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கும் அதே சென்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்ஸ்டாகிராமுக்குள் போய் இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். சொந்தக் கணக்கு ஒன்று, பலகார வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு அதே சென்டரில் 'ஆட் பிரெஃபரன்சஸ்'. அங்கே 'ஆக்டிவிட்டி இன்ஃபர்மேஷன் ஃப்ரம் ஆட் பார்ட்னர்ஸ்' என்பதில் வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். மேலே துண்டித்தாயிற்றே, இது எதற்கு என்று கேட்கலாம். அது வரும் தகவலை உங்கள் கணக்கோடு சேர்ப்பதைப் பற்றியது, இது விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைப் பற்றியது. இரண்டும் தனித்தனிச் சாவி.

5. தொடர்புப் பட்டியல்: நம் ஊரில் இதுதான் பெரிய ஓட்டை

ஒரு ஆச்சியின் போனைத் திறந்து பாருங்கள். 'பினாங்கு மாப்பிள்ளை', 'சுகர் டாக்டர் மதுரை', 'பள்ளத்தூர் சமையல்காரர்', 'வீடு விக்கிற புரோக்கர்', 'நகை அடகு'. உறவும் ஊரும் நோயும் பணமும் எல்லாம் அந்தப் பெயர்களிலேயே இருக்கின்றன. தொடர்புகளை ஏற்ற அனுமதி கொடுத்தால் எண்ணோடு சேர்ந்து பெயரும் போகிறது. இது ஆச்சியின் தகவல் மட்டும் இல்லை. பங்காளிகள், சம்பந்திகள், கோயில் காரியக்காரர்கள் என்று அறுநூறு பேரின் தகவல். அவர்களில் ஃபேஸ்புக்கே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், உங்கள் எண் வேறொருவர் போனிலிருந்து மேலே போய்விடுகிறது. அதனால் இந்தப் படியை வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் செய்தால்தான் பலன்.

இதற்கு மூன்று வேலை, மாற்றக் கூடாத வரிசையில்.

முதலில் ஆப்புக்குள் ஏற்றுவதை நிறுத்துங்கள். அக்கவுண்ட்ஸ் சென்டர், யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ், அப்லோட் கான்டாக்ட்ஸ். ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும். அந்தக் கணக்கு இரண்டு போனில் இருந்தால் இரண்டிலும் அணைக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சாவி போனைப் பொறுத்தது.

இரண்டாவது, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்களுக்கான கான்டாக்ட்ஸ் அனுமதியை எடுங்கள்.

மூன்றாவதுதான் ஏற்கனவே ஏறியதை அழிப்பது. அதே இடத்தில் 'மேனேஜ் கான்டாக்ட்ஸ்' வழியாக எல்லாவற்றையும் நீக்கலாம். இதை முதலில் செய்தால் பின்னணியில் ஆப் மறுபடி முழுப் பட்டியலையும் ஏற்றிவிடும். அழித்தது வீண்.

வாட்ஸ்அப்புக்கு மட்டும் கான்டாக்ட்ஸ் அனுமதி இருக்கட்டும். எடுத்தால் பெயர்கள் மறைந்து வெறும் எண்களாகத் தெரியும், வயதானவர்கள் குழம்பிப்போவார்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் குறிப்பிட்ட சிலரை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஒழுங்காக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கப் பொறுமை இருந்தால் அது நல்ல வழி.

6. போனில் உள்ள அனுமதிகள்

ஆண்ட்ராய்டு 12 முதல் செட்டிங்ஸில் 'பிரைவசி டாஷ்போர்ட்' உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் இருப்பிடத்தையோ மைக்கையோ கேமராவையோ தொட்டது என்று நேரத்தோடு காட்டும். ஐபோனில் 'ஆப் பிரைவசி ரிப்போர்ட்' ஏழு நாள் கணக்கைத் தரும், ஆனால் அதை முன்கூட்டியே ஆன் செய்திருக்க வேண்டும். இப்போது ஆன் செய்துவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்க உதவும்.

மைக்கும் கேமராவும்: ரீல்ஸ் எடுப்பவர் என்றால் 'ஆஸ்க் எவ்ரி டைம்' வையுங்கள். எடுக்காதவர் என்றால் அனுமதியே வேண்டாம். மைக் இயங்கும்போது ஆண்ட்ராய்டு 12 முதல் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரியும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்குப் பச்சை. சந்தேகம் இருப்பவர்கள் இந்தப் புள்ளியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அப்படியானால் நாம் பேசிய பொருள் விளம்பரமாக வருவது எப்படி? பேசியவர்களில் ஒருவர் அதைத் தேடியிருப்பார். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் வெளியே ஒரே இணைய முகவரியோடு (ஐபி எண்) தெரியும். இருப்பிடமும் ஒன்று, ஒருவர் எண் மற்றவர் போனில் இருக்கிறது. ஒரே வீடு என்று கணிக்க இவ்வளவு தடயம் போதும்.

இருப்பிடம்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் 'டோன்ட் அலோ'. ஏதாவது காரணத்துக்கு வேண்டும் என்றால் 'ஒன்லி வைல் யூசிங்' கொடுத்து, 'பிரிசைஸ் லொகேஷன்' என்பதை மட்டும் அணையுங்கள். அப்போது ஊர் தெரியும், தெரு தெரியாது. இருப்பிடத்தை முழுதாக மறுத்தாலும் இணைய முகவரியை வைத்து எந்தப் பகுதி என்று ஓரளவு கணிக்க முடியும். அதை அனுமதிச் சாவிகளால் தடுக்க முடியாது.

படங்கள்: முழு கேலரியையும் கொடுக்காதீர்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டு 14 முதலும் வேண்டிய படங்களை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம். கேமராவில் இருப்பிடப் பதிவு ஆன் ஆகியிருந்தால் படத்துக்குள்ளேயே இடக் குறிப்பு இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். பழைய வீட்டின் தேக்குத் தூண், நிலைக்கதவு, மரப்பெட்டி ஆகியவற்றை விலை கேட்டுப் படம் அனுப்புபவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் ஒரே கோப்பில் போய்விடும். கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்' என்பதை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

7. விளம்பர அடையாள எண்

ஒவ்வொரு போனுக்கும் விளம்பரக்காரர்களுக்கென்று ஒரு எண் உண்டு. பஸ் ஆப்பில் இருப்பதும் விளையாட்டு ஆப்பில் இருப்பதும் ஒரே ஆள்தான் என்று இந்த எண்ணை வைத்துத்தான் இணைக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ். சில போன்களில் நடுவே 'ஆல் சர்வீசஸ்' என்று ஒரு படி இருக்கும். அங்கே 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுங்கள். 'ரீசெட்' என்பது வேறு. அது பழைய எண்ணை மாற்றிப் புதிய எண் தரும், அவ்வளவுதான். டிலீட் செய்தபின் கேட்கும் ஆப்களுக்கு வரிசையாகப் பூஜ்யங்கள் மட்டுமே கிடைக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங். 'அலோ ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்' என்பதை அணையுங்கள்.

கூகுள் கணக்கிலும் 'மை ஆட் சென்டர்' போய்த் தனிப்பயன் விளம்பரத்தை அணைத்து, 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யில் தானாக அழிக்கும் காலத்தை மூன்று மாதமாக வையுங்கள். மெட்டாவை மட்டும் மூடினால் யூடியூபில் அதே தோடு வரும்.

8. பிரவுசரும் லிங்கின் வாலும்

ஃபேஸ்புக்கில் வரும் லிங்கைத் தொட்டால் பக்கம் குரோமில் திறப்பதில்லை, ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கிறது. நாம் கடைக்குப் போனதாக நினைக்கிறோம், ஃபேஸ்புக்கின் முற்றத்திலேயே நிற்கிறோம். ஆப்பின் செட்டிங்ஸில் 'பிரவுசர்' என்று தேடி, லிங்குகள் வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். அங்கேயே சேமித்த பிரவுசிங் தகவலையும் அழித்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்தபின் மூன்று புள்ளியைத் தொட்டு வெளி பிரவுசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குரோமில் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' தடையை ஆன் செய்யுங்கள். நாம் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகள் அவை. ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் இரண்டும் இதைத் தாமாகவே கவனித்துக்கொள்ளும். போனில் ஃபேஸ்புக் ஆப், கணினியில் ஃபேஸ்புக் தளம் என்று இரண்டிலும் லாகின் வைத்திருப்பவர்கள், கணினியில் அதற்கென்று ஒரு பிரவுசரைத் தனியாக ஒதுக்கிவிடுவது எளிது.

அடுத்தது லிங்கின் வால். இன்ஸ்டாகிராமில் 'காப்பி லிங்க்' கொடுத்து எங்காவது ஒட்டிப் பாருங்கள். ஒரு சாய்கோட்டில் முகவரி முடிந்து, அதன்பின் ஒரு கேள்விக்குறியும் கலவையான எழுத்துகளும் நீளமாக இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து இந்த லிங்க் பகிரப்பட்டது என்பதற்கான குறி அது. கேள்விக்குறி முதல் கடைசிவரை அழித்துவிட்டு அனுப்பினாலும் ரீல் திறக்கும்.

யூடியூபில் பகிரும்போது கிடைக்கும் சுருக்க லிங்குக்கும் இதே முறை சரி. ஆனால் பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்த நீள லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் வீடியோவின் எண்ணே இருக்கிறது. அதில் முதல் 'ஆம்பர்சாண்ட்' (&) குறிக்கு முன்வரை விட்டுவிட்டு மீதியை அழிக்க வேண்டும். மொத்தத்தையும் அழித்தால் யூடியூப் முகப்புதான் திறக்கும்.

9. வாட்ஸ்அப்

கோயில் குழு, பங்காளி குழு, வரன் குழு என்று ஒவ்வொருவர் போனிலும் பத்துப் பதினைந்து குழுக்கள். அதில் பேசுவது எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷனில் பூட்டப்பட்டது, மெட்டாவால் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை, எந்தப் போனிலிருந்து என்பவை அந்தப் பூட்டுக்கு வெளியே இருப்பவை. வாட்ஸ்அப்பில் எதுவுமே கசியாது என்பதும், எல்லாவற்றையும் படிக்கிறார்கள் என்பதும் இரண்டுமே தவறு.

செய்ய வேண்டியவை சில. செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' வையுங்கள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர் உங்களை எந்தக் குழுவிலும் சேர்க்கலாம், சேர்த்த நொடியில் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். 'அட்வான்ஸ்ட்' என்பதில் அழைப்பின்போது இணைய முகவரியை மறைக்கும் சாவியையும், லிங்க் அனுப்பும்போது வரும் முன்னோட்டத்தை (லிங்க் பிரிவ்யூ) நிறுத்தும் சாவியையும் ஆன் செய்யுங்கள். அழைப்பின் தரம் கொஞ்சம் குறையலாம். மலேசியாவுக்கு வீடியோ கால் விட்டுவிட்டு வந்தால் முகவரி மறைப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள்.

பேக்கப் தனிப் பூட்டு. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போகும் பிரதிக்குத் தனியாக என்க்ரிப்ஷன் போட வேண்டும். சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப். பாஸ்வேர்ட் கேட்டால் நோட்டில் எழுதுங்கள். மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. அப்பச்சி காலமான பிறகு அவர் குரல் செய்திகளைத் தேடும் பிள்ளைகளுக்கு அந்த நோட்டு மட்டும்தான் வழி. வீட்டில் ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

'அப்டேட்ஸ்' பகுதியில் விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் மெட்டா அறிவித்தது. வாட்ஸ்அப்பை அக்கவுண்ட்ஸ் சென்டரில் சேர்த்திருந்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் உள்ள உங்கள் விளம்பர விருப்பங்களும் அங்கே பயன்படும். சேர்ப்பது கட்டாயம் இல்லை. சேர்க்கச் சொல்லித் திரையில் வந்தால் 'நாட் நவ்' கொடுங்கள்.

10. பிள்ளைகளின் கணக்கு

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு மெட்டாவில் வயதையும் இடத்தையும் மட்டும் வைத்துத்தான் விளம்பரம் காட்டலாம். இன்ஸ்டாகிராம் டீன் கணக்கில் கட்டுப்பாடுகள் இன்னும் அதிகம். இவ்வளவும் பிறந்த வருடம் சரியாக இருந்தால்தான். கணக்கு தொடங்கும் அவசரத்தில் பெற்றோரே 1995 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது பிள்ளை முப்பது வயதுக்காரராகக் கணக்கிடப்படும், கடன் ஆப் விளம்பரம்வரை வரும். அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'பர்சனல் டீடெய்ல்ஸ்' போய்ப் பிறந்த தேதியைத் திருத்துங்கள்.

11. விற்பவர்களுக்கு

கைமுறுக்கும் மனகோலமும் வெளியூருக்கு அனுப்புபவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறைகள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், கானாடுகாத்தானில் வீட்டைத் தங்க விடுபவர்கள். இவர்களும் பின்தொடரும் சங்கிலியில் ஒரு கண்ணிதான், பலருக்கு அது தெரியாது. தளம் செய்து கொடுத்தவர் கேட்காமலே பிக்சலை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

சோதிக்க ஒரு வழி உண்டு. நான்காம் படியைச் செய்யாத ஒரு போனில், ஃபேஸ்புக் லாகின் இருக்கும் பிரவுசரில் உங்கள் தளத்தைத் திறந்து இரண்டு மூன்று பொருளைத் தொட்டு வையுங்கள். சில நாள் கழித்து இரண்டாம் படியில் சொன்ன பட்டியலைப் பாருங்கள். உங்கள் கடை அதில் இருந்தால் தளத்தில் பிக்சல் இருக்கிறது. விளம்பரமே கொடுக்காதவர் என்றால் அதை எடுக்கச் சொல்லுங்கள். பலன் இல்லாமல் வாடிக்கையாளரின் தகவலை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறீர்கள்.

விளம்பரம் கொடுப்பவர்கள் செய்யும் இன்னொன்று, ஆர்டர் நோட்டில் உள்ள எண்களையெல்லாம் 'கஸ்டமர் லிஸ்ட்' என்று மெட்டாவில் ஏற்றுவது. எண்கள் குறியீடாக மாற்றப்பட்டுத்தான் போகும். ஆனால் அந்தக் குறியீட்டை வைத்தே ஆளின் கணக்கைக் கண்டுபிடிக்கிறார்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு முகவரி தந்தவர் இதற்குச் சம்மதம் தரவில்லை. எண் வாங்கும்போதே எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தரவைக் காக்கத் தவறினால் ₹250 கோடிவரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சின்னக் கடைக்கு அவ்வளவு போடுவார்கள் என்பதல்ல, வழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்ள இந்த அவகாசம் போதும் என்பதற்காகச் சொல்வது.

12. எப்போது மறுபடி பார்ப்பது

இரண்டு நாள் கழித்து நான்காம் படியின் பக்கத்தைத் திறந்து 'டிஸ்கனெக்ட்' நிலை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து பிரைவசி டாஷ்போர்ட். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது, பொதுவான விளம்பரங்களாக மாறும். அதைப் பார்த்து வேலை நடக்கவில்லை என்று மறுபடி எல்லாவற்றையும் கலைத்துப் போடுபவர்கள் உண்டு. நீங்கள் தேடிய பொருளே துரத்தி வருகிறதா என்பதுதான் கேள்வி.

புதுப் போனுக்கு மாறும்போது ஐந்து, ஆறு, ஏழாம் படிகளை மறுபடி செய்ய வேண்டும். நான்காம் படி கணக்கோடு இருப்பதால் அது தானாகத் தொடரும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் பழைய போனை வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கோ சமையல் செய்பவருக்கோ கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். கொடுக்கும் முன் மூன்று வேலை. எல்லா ஆப்களிலிருந்தும் லாக் அவுட். அடுத்து போனின் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குவது, ஐபோன் என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறுவது. கடைசியாக ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் மெனுவுக்குப் போகாமலே பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், மறுபடி ஆன் ஆகும்போது போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். அதற்குள் கொடுத்தவர் விமானம் ஏறியிருப்பார். ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது என்றால் அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி', 'வேர் யூ ஆர் லாக்டு இன்' என்பதைத் திறந்து, பட்டியலில் அந்தப் பழைய போனின் பெயரைத் தேர்ந்து இங்கிருந்தே வெளியேற்றலாம்.